திருவேங்கடக் கல்வெட்டுகளில் தலைப்புச் சொற்கள்

முன்னுரை

இன்று 'தலைப்பு' என்னும் சொல் நூலின் பெயரையும் செய்தியின் முகப்பு வரியையும் குறிக்கின்றது. சேலைத் தலைப்பு என்னும் வழக்கில் அது ஆடையின் ஓரத்தைச் சுட்டும். ஒரு பனுவலின் பொருளை அறிவிக்கும் சொற்றொடர் எப்போதும் அதன் தலையிலேயே அமைவதில்லை. புறநானூற்றில் திணை, துறை பற்றிய குறிப்புகள் பாடலின் ஈற்றில் நிற்பது இதற்குச் சான்றாகும். திருப்பதி, திருமலைக் கோயில்களின் தமிழ்க் கல்வெட்டுகளில் தலைப்பின் பணியைச் செய்யும் சொற்கள் எவை, பதிப்பாளர் இட்ட தலைப்புகள் அவற்றிலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முகப்புச் சொற்கள்

இக்கல்வெட்டுகள் பெரும்பாலும் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்றோ 'சுபமஸ்து' என்றோ தொடங்குகின்றன. இவை மங்கலச் சொற்களேயன்றிப் பொருளை அறிவிக்கும் தலைப்புகள் அல்ல. அடுத்து வருவது அரசனின் பெயரும் ஆட்சியாண்டும். விசயநகரக் காலத்தில் அரசனின் விருதுப்பெயர்களும் சகாப்த ஆண்டும் மாதமும் திதியும் கிழமையும் நாள்மீனும் நிரலாக இடம்பெறும். சோழர் கல்வெட்டுகளில் இவ்விடத்தை மெய்க்கீர்த்தி பெறும். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியை அதன் முதற்சொற்களைக் கொண்டு 'திருமகள் போல' என்றே அறிஞர் சுட்டுவர். ஐரோப்பாவில் போப்பாண்டவரின் ஆணைகள் தம் முதற்சொற்களால் பெயர்பெறுவது இதனோடு ஒப்பிடத்தக்கது.

பொருள் அறிவிக்கும் தொடர்

விசயநகரக் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளில் காலக்குறிப்பை அடுத்து ஒரு நிலைத்த தொடர் காணப்படுகிறது. திருமலைத் தானத்தார் இன்னாருக்குச் 'சிலாசாசனம் பண்ணிக் கொடுத்தபடி' என்பதே அது. ஆவணத்தை அளிப்பவர், பெறுபவர், ஆவணத்தின் வகை ஆகிய மூன்றும் இத்தொடரில் அடங்குகின்றன. ஆதலின் இதனையே அக்கல்வெட்டுகளின் உண்மையான தலைப்பு எனலாம். ஈற்றில் 'இப்படிக்கு' என்னும் சொல்லோடு கோயில் கணக்கராகிய திருநின்றவூருடையானின் எழுத்து நின்று ஆவணத்தை உறுதிசெய்யும்.

இத்தொடரில் ஒருவரின் பெயர் இடம்பெறுவது வெறும் புகழ்ச்சிக்காக அன்று. கொடையாளர் அளித்த பொருளைக் கொண்டு நடைபெறும் திருப்போனகத்தில் நாலில் ஒரு கூறு 'விட்டவன் விழுக்காடு' எனக் கொடையாளருக்கு உரியதாயிற்று. அவ்வுரிமை வழிவழியாகத் தொடரவும் கூடும். எனவே கல்லில் பொறித்த பெயர் உரிமைக்குச் சான்றாக நின்றது.

பதிப்புத் தலைப்புகள்

தேவஸ்தானக் கல்வெட்டுகள் 1930களில் தொகுதிகளாக வெளிவந்தன. ஆயிரத்திற்கும் மேற்பட்ட இக்கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழில் உள்ளன. சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் உழைப்பு இப்பணிக்கு அடித்தளமாயிற்று. முதல் தொகுதி பல்லவர், சோழர் முதலிய மரபுகளின் முறையில் அமைய, அடுத்தவை சாளுவ நரசிம்மர், கிருஷ்ணதேவராயர், அச்சுதராயர், சதாசிவராயர் ஆகியோர் காலங்களின் பெயரைத் தாங்கின. காலவரிசையை நிறுவ இம்முறை பெரிதும் துணைசெய்தது.

எனினும் முகப்பில் நிற்கும் அரசனின் பெயரே தலைப்பாகிவிட்டமை கருதத்தக்கது. சாளுவ நரசிம்மர் காலத்தில் இராமாநுச கூடங்களை நிருவகித்த கந்தாடை இராமாநுச அய்யங்கார், அச்சுதராயர் காலத்தில் பல கட்டளைகளை ஏற்படுத்திய தாள்ளபாக்கம் பெரிய திருமலையய்யங்கார் முதலியோர் அரசர் பெயரின் கீழ் அடங்கிவிடுகின்றனர். திருமலைக்கு வெள்ளித் திருமேனி அளித்த சாமவை என்னும் காடவன் பெருந்தேவியின் கல்வெட்டும் அரசனின் ஆட்சியாண்டோடுதான் தொடங்குகிறது. ஆயினும் செயல் அவளுடையது.

அரசரே கொடையாளராக அமையும் இடங்களும் உண்டு. கிருஷ்ணதேவராயர் 1513இல் திருமலைக்கு முதன்முறை வந்து அளித்த கொடைகள் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் பொறிக்கப்பட்டன. அங்கு முகப்புப் பெயரும் கொடையாளர் பெயரும் ஒன்றாகின்றன. பிற கல்வெட்டுகளில் இவ்விரண்டையும் பிரித்தறிவது இன்றியமையாதது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், கல்வெட்டின் முகப்பு காலத்தையும் ஆட்சியையும் அறிவிக்கிறது என்பதும், 'சிலாசாசனம் பண்ணிக் கொடுத்தபடி' என்னும் தொடரே பொருளை அறிவிக்கிறது என்பதும் புலனாகின்றன. இனி உருவாகும் அட்டவணைகளில் அரசன் பெயரோடு கொடையாளர் பெயரையும் தலைப்பில் அமைத்தல் வேண்டும். 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்திலிருந்து 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்துள்ள நிலையில், இப்பகுதிக் கல்வெட்டுகளை மீண்டும் அட்டவணைப்படுத்துவோர் இதனைக் கருத்திற்கொள்ளலாம். அவ்வாறு செய்யின் அரசரல்லாத ஆடவரும் பெண்டிரும் வரலாற்றில் தமக்குரிய இடத்தைப் பெறுவர்.