சோழவரம் பந்தய ஓடுதளமும் வீலிங் பழக்கமும்

ஓடும் மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, பின் சக்கரத்தால் மட்டும் வண்டியைச் செலுத்துவது வீலிங் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் காவல்துறை வழக்குகளிலும் விபத்துச் செய்திகளிலும் இடம்பெறும் சொல்லாகிவிட்டது. ஆனால் இதே மாநிலத்தில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த சோழவரத்தில், இளைஞர்களின் வேக ஆர்வத்துக்கென்று ஒரு தனி இடம் பல ஆண்டுகள் இருந்தது. அங்கே முன் சக்கரத்தைத் தூக்குவது பெருமையாகக் கருதப்படவில்லை. அதைத் தரையில் வைத்திருப்பதே திறமையாகக் கருதப்பட்டது.

முன் சக்கரம் ஏன் எழுகிறது?

வண்டியும் அதில் அமர்ந்திருப்பவரும் சேர்ந்த எடைக்கு ஓர் ஈர்ப்பு மையம் உண்டு. அது இரு சக்கரங்களுக்கும் இடையில், தரைக்குச் சற்று மேலே அமையும். எஞ்சின் பின் சக்கரத்தைச் சுழற்றும்போது தரை வண்டியை முன்னோக்கித் தள்ளுகிறது. தள்ளும் விசை கீழே, தரைமட்டத்தில் செயல்படுகிறது. எடையின் மையமோ மேலே இருக்கிறது. இதனால் வண்டியைப் பின்பக்கமாகச் சாய்க்கும் ஒரு திருப்புத்திறன் உண்டாகிறது. முடுக்கம் ஓர் அளவைத் தாண்டினால் முன் சக்கரம் எழுந்துவிடும்.

இரு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் குறைவாகவும் ஈர்ப்பு மையம் உயரமாகவும் உள்ள வண்டி எளிதில் எழும். சிறிய வண்டிகளில் எஞ்சின் திறன் குறைவு. எனவே ஆக்சிலேட்டரை முறுக்கினால் மட்டும் போதாது. கிளட்சைப் பிடித்து எஞ்சினை வேகமாகச் சுழலவிட்டு, பிறகு கிளட்சைச் சட்டென்று விடுவதாலேயே பெரும்பாலும் முன் சக்கரம் எழுகிறது.

ஈர்ப்பு மையம் பின் சக்கரம் தரையைத் தொடும் புள்ளிக்கு நேர் மேலே வரும்போது வண்டி சமநிலையில் நிற்கிறது. அந்த நிலையைத் தாண்டினால் வண்டி பின்னால் கவிழும். அப்போது காப்பாற்றக்கூடியது பின் பிரேக்தான். பின் சக்கரத்தின் வேகம் குறைந்தவுடன் முன் பகுதி கீழிறங்கும். அதனால்தான் மூடிய மைதானங்களில் பழகுபவர்கள், முன் சக்கரத்தை உயர்த்தும் முன்பே வலது காலைப் பின் பிரேக்கில் வைத்திருக்கப் பழகுகிறார்கள். சக்கரத்தைத் தூக்குவதற்கு முன் அதை இறக்கக் கற்றுக்கொள்வதே முதல் பாடம்.

முன் சக்கரம் காற்றில் இருக்கும்வரை முன் பிரேக்கால் பயன் இல்லை. கைப்பிடியைத் திருப்பியும் வண்டியை விலக்க முடியாது. எதிரே இருப்பதும் சரியாகத் தெரியாது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். குறுக்கே ஒருவர் வந்தால் ஓட்டுபவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

சோழவரம் ஓடுதளம்

சென்னைக்கு வடக்கே, கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள ஊர் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கு விமான ஓடுதளம் ஒன்று அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் அது வேறொரு வகையில் பயன்பட்டது. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. இக்கழகம் சோழவரம் ஓடுதளத்தில் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தியது. போர்க்கால விமானத்தளம் பந்தயத்தளமாக மாறியது இங்கு மட்டும் நிகழ்ந்ததன்று. இங்கிலாந்தின் புகழ்பெற்ற சில்வர்ஸ்டோன் பந்தயத்தளமும் அவ்வாறு உருவானதே.

பந்தயம் தொடங்கும் நொடியில் முன் சக்கரம் எழுவது இயல்பு. ஆனால் அது வீரருக்கு இழப்பு. முன் பகுதி எழுந்தால் ஆக்சிலேட்டரைக் குறைத்தாக வேண்டும். அதற்குள் பக்கத்து வண்டி முந்திவிடும். எனவே பந்தய வீரர்கள் உடலை முன்னே சாய்த்து, டாங்கியின் மேல் படுத்து, முன் சக்கரத்தைத் தரையோடு வைத்திருக்கப் பயில்கிறார்கள். இன்றைய உயர்ரகப் பந்தய வண்டிகளில் முன் சக்கரம் எழாமல் தடுக்கும் மின்னணுக் கருவிகளே பொருத்தப்படுகின்றன.

சிறிய வண்டிகளின் காலம்

சோழவரத்துக்குத் தெற்கே உள்ள திருவொற்றியூரில் 1950-களில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் புல்லட் வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. கனமான அந்த வண்டிகளை வாங்கும் வசதி பலருக்கு இல்லை. 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தது. டிவிஎஸ் ரேசிங் என்ற பந்தய அணி 1982-ல் தொடங்கியது. 1984-ல் ஓசூரிலிருந்தே 100 சிசி இண்ட்-சுசுகி வந்தது. 1985-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியை அறிமுகப்படுத்தியது.

ஆர்எக்ஸ் 100-ன் எஞ்சின் 98 சிசி மட்டுமே. ஆனால் அதன் திறன் 11 குதிரைத்திறன். வண்டியின் எடையோ ஏறத்தாழ 100 கிலோதான். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் குறிப்பிட்ட சுழற்சியை எட்டியதும் சட்டென்று இழுக்கும். இக்காரணங்களால் முன் சக்கரத்தைத் தூக்க விரும்பிய இளைஞர்களிடையே அது பெயர்பெற்றது. 1996-ல் அதன் உற்பத்தி நின்றது. ஆயினும் பழைய வண்டிகளைத் தேடி வாங்குவோர் இன்றும் உள்ளனர்.

இதே காலத்தில் வெளிநாடுகளில் வீலிங் ஒரு காட்சிக் கலையாக வளர்ந்திருந்தது. 1984-ல் டக் டொமோகோஸ் என்ற அமெரிக்கர் அலபாமா மாநிலத்தின் டாலடேகா பந்தயத்தளத்தில் 145 மைல், அதாவது சுமார் 233 கி.மீ., முன் சக்கரத்தை இறக்காமல் ஓட்டிச் சாதனை படைத்தார். அவர் அதைப் பொதுச்சாலையில் செய்யவில்லை, மூடிய பந்தயத்தளத்தில் செய்தார்.

இருங்காட்டுக்கோட்டைக்கு மாற்றம்

1990-ல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கழகத்தின் சொந்தப் பந்தயத்தளம் திறக்கப்பட்டது. இதன் நீளம் சுமார் 3.7 கி.மீ. சோழவரத்தின் பந்தயக் காலம் அத்துடன் முடிவுக்கு வந்தது. 1971-ல் தொடங்கப்பட்ட இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு வழங்கும் உரிமம், தலைக்கவசம், தோலாடை, மருத்துவக் குழு ஆகியவை இன்றைய பந்தயங்களின் அடிப்படைத் தேவைகள்.

இத்தனை ஏற்பாடுகளும் ஆபத்தை முழுவதும் நீக்கிவிடுவதில்லை. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் நடந்த தேசியப் பந்தயத்தில் 13 வயது வீரர் ஒருவர் விபத்தில் உயிரிழந்தார். எஞ்சிய பந்தயங்கள் நிறுத்தப்பட்டன. பாதுகாப்பான தளத்திலேயே இந்நிலை என்றால், பாதுகாப்பு ஏதுமற்ற சாலையின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

சாலையும் சட்டமும்

சோழவரம் வழியே செல்லும் நெடுஞ்சாலையில்தான் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. எண்ணூர்த் துறைமுகம், வள்ளூர் அனல்மின் நிலையம், மீஞ்சூர்ப் பகுதித் தொழிற்சாலைகள் ஆகியவற்றுக்கான கனரக வாகனங்களும் இவ்வட்டாரச் சாலைகளில் ஓடுகின்றன. வேலை முடிந்து இருசக்கர வாகனத்தில் திரும்பும் தொழிலாளர்களும் அதே சாலைகளையே நம்பியுள்ளனர். இத்தகைய சாலையில் ஒருவர் வீலிங் பழகினால், அந்த ஆபத்தில் விருப்பமில்லாத பலரும் பங்கேற்க நேரிடுகிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 184-ஆம் பிரிவு ஆபத்தான முறையில் ஓட்டுவதையும், 189-ஆம் பிரிவு அனுமதியின்றிச் சாலையில் பந்தயம் விடுவதையும் தண்டிக்கின்றன. 2019-ல் செய்யப்பட்ட திருத்தத்தால் தண்டனைகள் கடுமையாயின. அப்போது சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறார் ஒருவர் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வாகன உரிமையாளருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வாகனப் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அச்சிறாருக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது.

2022-ல் சென்னை அண்ணா சாலையில் சாகசம் செய்த இளைஞர் ஒருவருக்குச் சென்னை உயர் நீதிமன்றம் முன்ஜாமீன் வழங்கியபோது புதுமையான நிபந்தனைகளை விதித்தது. அவர் தேனாம்பேட்டை சிக்னலில் நின்று விழிப்புணர்வுத் துண்டறிக்கைகளை வழங்க வேண்டும். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் விபத்துச் சிகிச்சைப் பிரிவில் பணியாளர்களுக்கு உதவ வேண்டும். அபராதத்தைவிட, அடிபட்டவர்களை அருகிலிருந்து பார்ப்பது நல்ல பாடமாகும் என்பதே இதன் கருத்து. அடுத்த ஆண்டு செப்டம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வீலிங் செய்ய முயன்று கீழே விழுந்த யூடியூபர் ஒருவரின் ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு ரத்து செய்யப்பட்டது.

வேகத்தின் மீதான ஆர்வம் இளமைக்கு இயல்பானது. சோழவரத்துக்குச் சென்ற தலைமுறைக்கும் அது இருந்தது. அந்தத் தலைமுறைக்கு எல்லை குறிக்கப்பட்ட ஓர் இடமும் கட்டுப்படுத்த விதிகளும் இருந்தன. தண்டனைகள் சாலையைக் காக்க உதவும். ஆனால் கற்றுக்கொள்ளும் ஆவலுக்கு வழிகாட்ட, பயிற்சியாளரும் மூடிய மைதானமும் தேவை. ஆளில்லாமல் கிடந்த ஒரு போர்க்கால ஓடுதளம் அந்தத் தேவையை நிறைவேற்றியது என்பதே சோழவரம் நினைவூட்டும் செய்தி.