வழியில் தொலைந்த எழுத்து

பிரதி எடுப்பது உலகத்திலேயே மிகவும் சுலபமான காரியம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இங்கே இருப்பதை அங்கே கொண்டுபோய் வைக்கிறோம்; இதிலே என்ன வித்தை இருக்கிறது? இந்தக் கேள்வியைப் பழைய காலத்தில் ஏடு எழுதினவரிடம் கேட்டிருந்தால், எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்திருப்பார்.

ஓலையில் புள்ளி வைத்தால் கிழிந்து போகும். ஆகையால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் ஒரே கோடுதான். ‘பரவை’ என்றால் கடல். ‘பாவை’ என்றால் பொம்மை. ஓலையில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். முதலில் எழுதினவர் கடலை நினைத்து எழுதினார். பிரதி செய்தவர் பொம்மையை நினைத்துப் படித்தார் என்றால், கடல் வற்றிப் பொம்மையாகிவிட வேண்டியதுதான். 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும் அச்சிட்ட உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடுகளைச் சேர்த்து ஒப்பிட்டுப் பார்த்ததன் காரணம் இதுதான். ஓலையில் இருப்பது கோடு. அது எந்த எழுத்து என்பது படிக்கிறவர் மனத்தில் இருக்கிறது. இரண்டு மனங்களும் ஒத்துப் போகாவிட்டால் பிரதி பிரதியாகாது.

இந்தத் தொல்லையெல்லாம் ஓலையோடு போயிற்று என்று நாம் நிம்மதியாக இருந்தோம். பிறகு கம்ப்யூட்டர் வந்தது.

‘கட்’, ‘காப்பி’, ‘பேஸ்ட்’ என்று இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடச் சொல்லும் மூன்று வார்த்தைகளுக்கும் உயிர் கொடுத்தவர்களில் முக்கியமானவர் லாரி டெஸ்லர் என்ற அமெரிக்கர். 1970-களின் நடுவில், கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்ற ஊரிலிருந்த ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில், டிம் மாட் என்பவரோடு சேர்ந்து ‘ஜிப்ஸி’ என்ற எழுத்துத் தொகுப்பு முறையை அவர் உருவாக்கினார். பத்திரிகைக் காரியாலயத்தில் உதவி ஆசிரியர் கத்தரிக்கோலால் பத்தியை வெட்டி, பசை தடவி வேறு தாளில் ஒட்டுவார் அல்லவா? அதே காரியத்தை யந்திரத்திற்குள் செய்து காட்டினார். டெஸ்லர் 2020 பிப்ரவரியில் காலமானார். அவர் பெயரை அறியாமலே அவரது கைங்கரியத்தை நாம் தினமும் நூறு தடவை அனுபவிக்கிறோம்.

ஆனால் டெஸ்லர் வெட்டி ஒட்டியது ஒரே யந்திரத்திற்குள். யந்திரம் ஒன்றாக இருந்தால் மனமும் ஒன்று, தகராறு இல்லை. வீட்டில் உட்கார்ந்தபடி, வேறெங்கோ இருக்கும் யந்திரத்தின் திரையை நம் திரையில் வரவழைத்து வேலை செய்யும் முறை வந்தபோதுதான் பழைய வினை திரும்பி வந்தது. 1998-இல் மைக்ரோஸாப்ட் கம்பெனி ‘விண்டோஸ் என்.டி. டெர்மினல் ஸர்வர்’ என்ற பதிப்பை வெளியிட்டது. அதே ஆண்டில் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜிலிருந்த ஒலிவெட்டி - ஆரக்கிள் ஆராய்ச்சிசாலையார் ‘வி.என்.ஸி.’ என்ற முறையை இலவசமாகவே உலகத்துக்குக் கொடுத்தார்கள். கண்ணுக்குத் தெரிவது ஒரே திரை. ஆனால் உள்ளே யந்திரங்கள் இரண்டு. இங்கே பிரதி எடுத்தது அங்கே ஒட்ட வேண்டுமானால் நடுவே ஒரு தூதுவன் வேண்டும்.

மைக்ரோஸாப்டின் தூதுவனுக்கு ‘ஆர்.டி.பி. கிளிப்’ என்று பெயர். தூரத்து யந்திரத்தில் சந்தடியில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு புரோகிராம் அது. நாம் ‘காப்பி’ என்றவுடன் அவன் சரக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. ‘இன்ன வகைச் சரக்கு வந்திருக்கிறது’ என்ற சேதியை மட்டும் சொல்லி வைக்கிறான். அந்தப் பக்கத்தில் ‘பேஸ்ட்’ என்ற பிறகுதான் சரக்கு புறப்படுகிறது. இடையில் தூதுவன் மயங்கி விழுந்தால் சேதியும் போகாது, சரக்கும் போகாது. அப்பொழுது தூரத்து யந்திரத்தின் ‘டாஸ்க் மானேஜர்’ பட்டியலில் அவனை நிறுத்திவிட்டு மறுபடியும் ஓடவிட்டால் பெரும்பாலும் எழுந்துகொள்வான். அதிலும் எழாவிட்டால், இணைப்பு ஏற்படுத்தும்போது ‘கிளிப்போர்டு’ என்ற கட்டத்தில் குறியிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தால், நிர்வாகமே கதவைச் சாத்தி வைத்திருக்கலாம். ரகசியம் வெளியே போகக்கூடாது என்பதற்காகப் பல இடங்களில் அப்படிச் செய்வதுண்டு. அது நோயல்ல, காவல்.

கேம்பிரிட்ஜ் தூதுவனின் கதை வேறு. அவன் மயங்கவில்லை, அவனுக்குத் தமிழே தெரியாது.

வி.என்.ஸி. முறையின் விதிகளை 2011-இல் ஓர் ஆவணமாக வெளியிட்டார்கள். வெட்டி ஒட்டும் எழுத்துக்கள் ‘லத்தீன்-1’ என்ற வரிசைக்குள்தான் இருக்க வேண்டும், அதற்கு வெளியே உள்ள எழுத்தை அனுப்ப வழியில்லை என்று அதில் ஒளிவு மறைவின்றி எழுதியிருக்கிறது. அந்த வரிசையில் உள்ள இடங்கள் 256. தமிழ் எழுத்துக்கள் 247 என்று நாம் சின்ன வயதில் படித்தோம். கணக்குப் பார்த்தால் இடம் தாராளமாகப் போதும்! ஆனால் மேற்கு ஐரோப்பிய மொழிகளின் எழுத்துக்கள் ஏற்கனவே வந்து துண்டு போட்டுவிட்டன.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இதன் பலனை எங்கள் முத்தாபுதுப்பேட்டையிலேயே பார்த்தேன். ஆவடி விமானப் படை நிலையத்தை ஒட்டிய ஊர். எங்கள் தெருப் பெண் ஒருத்தி, ஒரு பதிப்பகத்துக்குப் புரூப் திருத்துகிறவள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. வீட்டிலிருந்தபடி காரியாலயத்து யந்திரத்தைத் திறந்து, தான் திருத்திய தமிழை ஒட்டினாள். அங்கே வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள்!

“சார், நான் என்ன எழுதினாலும் அது என்னையே திருப்பிக் கேள்வி கேட்கிறது. நாற்பது பக்கம் சார்!” என்றாள். சிரிப்பதா, அழுவதா என்று தெரியாத முகம்.

கடைசியில் அவளே வழி கண்டுபிடித்தாள். எழுத்தாக ஒட்டுவதை விட்டு, ‘பைல்’ ஆக அனுப்பினாள். எழுத்தென்று கொடுத்தால் தூதுவன் படித்துப் பார்க்கிறான். தெரியாததற்குக் கேள்விக்குறி போடுகிறான். பூட்டின பெட்டியாகக் கொடுத்தால் அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கிறான். நாற்பது பக்கத்துக் கூலி தப்பிற்று. பிற்காலத்தில் வந்த சில வி.என்.ஸி. புரோகிராம்களில் எல்லா மொழி எழுத்துக்களும் போக வழி செய்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு பக்கத்திலும் புதிய பதிப்பு இருந்தால்தான் அது நடக்கும்.

தமிழுக்கு இந்தக் கதி இது முதல் தடவை அல்ல. 1990-களில் கம்ப்யூட்டரில் தமிழ் எழுதினவர்கள், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்துக்கொண்டார்கள். இலங்கைத் தமிழர்களிடையே பெரிதும் பரவிய ‘பாமினி’ என்ற எழுத்துருவில் ‘தமிழ்’ என்று எழுதினால், யந்திரத்தின் மனத்தில் பதிவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி! பாமினி இல்லாத யந்திரத்திற்குக் கொண்டுபோனால் வேஷம் கலைந்து, வெறும் ஆங்கில எழுத்து நிற்கும். கம்பெனிக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு சங்கேதம் என்று ஆயிற்று. சென்னையில் எழுதியதைச் சிங்கப்பூரில் படிக்க முடியவில்லை.

இந்த அவஸ்தையைத் தீர்க்கப் பலர் பாடுபட்டார்கள். ஸ்விட்ஸர்லாந்தில் லோஸான் நகரத்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று ‘மதுரைத் திட்டம்’ தொடங்கிப் பழைய நூல்களை மின்பிரதியாக்கி எல்லோருக்கும் இலவசமாக வழங்கினார். பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து ‘திஸ்கி’ என்ற பொதுச் சங்கேதத்தை வகுத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டில் ‘டாம்’, ‘டாப்’ என்று இரண்டு சங்கேதங்களும், ‘தமிழ் 99’ என்ற விசைப்பலகையும் உருவாயின. இதற்கிடையில் உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் ‘யூனிகோட்’ 1991-இலேயே பிறந்து, தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. அந்த ஒதுக்கீடு போதாது, முறை சரியில்லை என்று சண்டைகள் நடந்தன. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று உத்தரவிட்டது. ‘டேஸ் 16’ என்ற மாற்று முறைக்கும் இடம் கொடுத்தது.

இன்று கைப்பேசியில் தமிழ் எழுதி அமெரிக்காவிலுள்ள பேத்திக்கு அனுப்புகிற பாட்டிக்கு இந்தச் சண்டை எதுவும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நல்ல ஒப்பந்தத்தின் லட்சணமே அதுதான்.

ஆனால் ஒப்பந்தத்துக்கு முன்னால் எழுதியவை? 1990-களிலும் அதற்குப் பின்னும் அச்சுக் கோத்த எத்தனையோ நூல்களும் மலர்களும் ஆராய்ச்சிகளும் பழைய எழுத்துருவில், குறுந்தகடுகளில் கிடக்கின்றன. கரையானுக்குத் தப்பிப் பல நூற்றாண்டு ஓலையில் இருந்த பாட்டு, இருபது வருஷத்துக் குறுந்தகட்டில் ஜே, கே, பி, ஓ என்று உளறிக்கொண்டிருக்கிறது. பழைய எழுத்தை யூனிகோடாக மாற்றித் தரும் புரோகிராம்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்த எழுத்துருவில் எழுதினது என்று தெரிந்தால் சில நிமிஷ வேலை. அதைச் சொல்லக்கூடியவர்கள் அன்று அச்சுக் கோத்தவர்கள், அவர்களுக்கும் வயதாகிறது. உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு தகடு இருக்கக்கூடும். எடுத்துப் பாருங்கள், மேலே எழுத்துருவின் பெயர் எழுதியிருக்காவிட்டால், அதைத் தட்டினவரை இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள்.