சாவடியில் ஒலித்த தமிழ்

புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் செல்லும் சாலையில் உள்ளது மூலக்குளம். இவ்வட்டாரத்து முதியோர் பேச்சுக்குச் சற்றே செவிகொடுத்தால், பிரெஞ்சியர் ஆட்சி முற்றாக அகன்றுவிடவில்லை என்பது புலப்படும். ஊராட்சிக்குக் 'கொம்யூன்' என்று பெயர். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் பெறுபவர் 'சொல்தா'. காவலர் தலையில் இன்றும் சிவப்புத் தொப்பி. அன்றைய காவலரும் அவர் முன் நின்ற குடியானவரும் பேசியது தமிழ். ஏட்டில் ஏறியதோ பிரெஞ்சு. இம்மண்ணின் குற்றவியல் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர் இதுவே.

இவ்விடர் ஓர் உயிரையே கொண்ட வழக்கு ஒன்று உண்டு. பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் தரகராக இருந்த நைனியப்ப பிள்ளை 1716-ஆம் ஆண்டு ஆளுநர் எபேரின் ஆணையால் சிறைப்பட்டார். கலகம் தூண்டினார், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பன குற்றச்சாட்டுகள். அவருக்குத் தமிழும் போர்த்துகீசியமும் தெரியும். பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. சாட்சிகளின் தமிழ்ச் சொற்கள் மொழிபெயர்ப்பாளர் வாய்வழியே பிரெஞ்சு ஏட்டுக்குள் புகுந்தன. கசையடி, மூன்றாண்டுச் சிறை, அபராதம், நாடுகடத்தல் எனத் தீர்ப்பாயிற்று. 1717-இல் அவர் சிறையிலேயே மாண்டார். மேல்முறையீட்டின் பேரில் வழக்கு மீண்டும் ஆராயப்பட்டபோது, தாம் கையொப்பமிட்ட ஏட்டில் என்ன எழுதியிருந்தது என்பதைத் தாம் அறியோம் என்று சாட்சிகளுட் சிலர் கூறினர். 1720-இல் தீர்ப்பு விலக்கப்பட்டது. மாண்டவர் மீளவில்லை. மகன் குருவப்ப பிள்ளை பாரிசு வரை சென்று தந்தையின் பெயரை மீட்டார் என்பதே எஞ்சிய ஆறுதல்.

அந்த நைனியப்பரின் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையின் மகனே ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-இல் அவர் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பில் காவல் தலைவரான 'நயினார்' அடிக்கடி வருகிறார். யார் வந்து என்ன சொன்னார் என்பது பேச்சு நடை மாறாமல் பதிவாகிறது. மொழிபெயர்ப்பில் சொல் திரிந்தால் என்ன நேரும் என்பதை அவர் குடும்பம் பட்டறிந்திருந்தது. அந்த அறிவுதான் அவர் எழுதுகோலை நடத்திற்று என்று துணிந்து கூறச் சான்றில்லை. ஆயினும் அவ்வாறு எண்ணாமலிருக்க இயலவில்லை.

நம் 'சாவடி' என்னும் சொல்லே பிரெஞ்சியர் நாவில் 'ஷோத்ரி' ஆகி, தமிழர் வழக்குகளைக் கேட்ட மன்றத்தின் பெயராயிற்று என்பர். அம்மன்றத்தின் 1766 முதல் 1817 வரையிலான தீர்ப்புகளை ழான் குளோத் பொன்னான் தொகுத்தளித்துள்ளார். அவையும் பிரெஞ்சிலேயே உள்ளன. வாதியும் பிரதிவாதியும் தம் வாயால் சொன்ன தமிழ் காற்றோடு போயிற்று.

1936 சூலை 30 அன்று சவானா ஆலையில் பன்னிரண்டு தொழிலாளர் சுடப்பட்டு மாண்டனர். அந்நாளை இயக்கம் மறவாது நினைவுகூர்கிறது. சுட்டவர் பக்கத்து நினைவைக் கேட்டெழுதும் முயற்சி அவ்வளவாக நடக்கவில்லை. அது இனிக் கிட்டுமென்றும் தோன்றவில்லை.

ஆனால் வேறொரு நினைவு இன்னும் முற்றாக அணையவில்லை. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி மாறியது; சட்டம் உடனே மாறவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டம் புதுவைக்கு நீட்டிக்கப்பட்டது 1963 அக்டோபர் 1 முதல்தான். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் இந்திய ஆட்சியின் கீழ்ப் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தைக் கொண்டு காவல் புரிந்தவர்கள் இருந்தனர். ஒரே காவலர், ஒரே தெரு, ஒரே திருட்டு. குற்றத்தின் பெயர் மட்டும் ஒருநாள் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறியது. அம்மாற்றத்தை அவர் எவ்வாறு விளங்கிக்கொண்டார், பிடிபட்டவருக்கு எந்தச் சொல்லால் விளக்கினார் என்பதை அரசிதழ் சொல்லாது. ஆட்சி மாற்றத்துக்கு முன் பணியில் சேர்ந்தோருள் இளையவர்க்கும் இன்று தொண்ணூறு கடந்திருக்கும். அவர்தம் மக்கள் வில்லியனூரிலோ பாகூரிலோ மூலக்குளத்திலோ இருக்கலாம். தந்தை திண்ணையில் அமர்ந்து சொன்னவற்றுள் பாதியாவது அவர்கள் நினைவில் இருக்கும்.