ப்ரிகாம் டிக் பண்ண விடை

லாஜிக்கல் ரீசனிங் கேள்வியில ஒரு கொடுமை உண்டு மக்களே. நாலு விடையில ரெண்டு பார்த்த உடனே கழண்டுடும். மிச்சம் ரெண்டும் சரி மாதிரியே இருக்கும். அதுல ‘மிகப் பொருத்தமானது எது’ன்னு கேட்பாங்க. அந்த ‘மிக’வை யார் முடிவு பண்றாங்க?

இதுக்குப் பின்னாடி அமெரிக்காவுல ஒரு பழைய கதை இருக்கு. ஆசிரியர்கள் போடுற மார்க் ஆளுக்கு ஆள் எப்படி மாறுதுன்னு 1914ல ஆராய்ச்சி பண்ணவர் ஃபிரெடரிக் கெல்லி. அடுத்த வருஷம் அவரோட கன்சாஸ் வாசிப்புத் தேர்வு வந்துச்சு. ஒரு கேள்விக்கு ஒரே சரியான விடை. திருத்துறவரோட மனநிலைக்கு அங்க வேலையே இல்லை. நல்ல எண்ணம்தான்.

1917ல முதல் உலகப்போருக்கு ஆள் எடுத்தப்போ ராணுவம் இந்த முறையைப் பிடிச்சுக்கிச்சு. இங்கிலீஷ் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு ஆல்ஃபா, தெரியாதவங்களுக்குப் பீட்டா. ரெண்டும் சேர்த்து சுமார் 17 லட்சம் பேர் எழுதினாங்க. ஆல்ஃபாவோட மூணாவது பகுதி ‘பொது அறிவு’ இல்லீங்க, ‘நடைமுறை அறிவு’. 16 கேள்வி, ஒன்றரை நிமிஷம்! மாதிரிக் கேள்வி: அடுப்பு எதுக்கு? பார்க்க அழகா இருக்கு, நமக்குக் கதகதப்பு தருது, கறுப்பா இருக்கு. சரியான விடை ரெண்டாவது. ‘ஏன், சமைக்கத்தானே?’ன்னு கேட்கிற ஆளுக்கு அந்தத் தாள்ல இடம் இல்லை :-)

இனிமேதான் விஷயமே. அந்த ராணுவ மதிப்பெண்களை வச்சு பிரின்ஸ்டன் உளவியலாளர் கார்ல் ப்ரிகாம் 1923ல ஒரு புத்தகம் போட்டார். அமெரிக்காவுக்கு வந்து சில வருஷமே ஆன குடியேறிகள் கம்மி மார்க். 20 வருஷத்துக்கு மேல ஆனவங்க, அங்கேயே பிறந்தவங்களுக்குக் கிட்டத்தட்ட சமம். காரணம் என்ன?

(அ) இருக்க இருக்க மொழியும் ஊரும் பழகிடுது.
(ஆ) முன்னாடி வந்தவங்க உசந்த இனம், பின்னாடி வந்தவங்க மட்டம்.

ப்ரிகாம் டிக் பண்ணது (ஆ)! வடக்கு ஐரோப்பியர் உசத்தி, தெற்கு, கிழக்கு ஐரோப்பியர் மட்டம்னு ஏற்கனவே அவர் மனசுல இருந்த பட்டியலுக்கு அதுதான் ‘மிகப் பொருத்தம்’. ஒரு சாதாரணப் பரீட்சையில இப்படி எழுதியிருந்தா முட்டை போட்டிருப்பாங்க. ஆனா இங்க விடைத்தாளும் அவரே, திருத்துறதும் அவரே.

1924ல குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துச்சு. இந்தப் புத்தகத்தால மட்டும் வந்ததுன்னு சொல்றது அநியாயம். ஆனா அந்தச் சூழலுக்கு விஞ்ஞானச் சாயம் பூசினதுல அதுக்குப் பங்கு உண்டு. ப்ரிகாமுக்கோ இன்னும் பெரிய வேலை கிடைச்சுது. 1926 ஜூன் 23ஆம் தேதி 8,040 பேர் எழுதின முதல் சாட் தேர்வு அவர் தலைமையில தயாரானதுதான்.

1930ல அவரே ஒரு கட்டுரை எழுதி, இனங்களை ஒப்பிட்ட தன் ஆய்வுக்கு அடிப்படையே இல்லைன்னு திரும்ப வாங்கிக்கிட்டார். அந்த நேர்மைக்கு ஒரு சலாம் போடலாம். சட்டம் கொண்டுவந்த நாடுவாரி கோட்டா மட்டும் 1965ல புதுச் சட்டம் வர்ற வரைக்கும் போகலை.