நல்லூர் (திருப்பூர்)

இக்கட்டுரை திருப்பூர் மாவட்டத்திலுள்ள நல்லூரைப் பற்றியது. யாழ்ப்பாணத்திலுள்ள நல்லூர் வேறு.

நல்லூர், இந்தியாவின் தமிழ்நாடு மாநிலத்தில் திருப்பூரிலிருந்து காங்கேயம் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஓர் ஊர் ஆகும். சிற்றூராக இருந்து, பின்னலாடைத் தொழிலின் வளர்ச்சியால் நகராட்சியாக உயர்ந்த இவ்வூர், 2011 ஆம் ஆண்டில் திருப்பூர் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. தற்போது மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுள் ஒன்று இவ்வூரின் பெயரால் அழைக்கப்படுகின்றது.

நிருவாகம்

2009 ஆம் ஆண்டு திருப்பூர் மாவட்டம் உருவாகும் வரை நல்லூர் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே 2001 ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பு ஏடுகளில் இவ்வூர் கோயம்புத்தூர் மாவட்டத்தின் கீழ் இடம்பெற்றுள்ளது. 2011 கணக்கெடுப்பின்போது இது தனி நகராட்சியாகவே கணக்கிடப்பட்டது.

மக்கள் தொகை

திருப்பூர் நகரின் மக்கள் தொகை 1951 இல் ஏறத்தாழ 52 ஆயிரமாக இருந்து, 2001 இல் ஏறத்தாழ 3.45 இலட்சமாக உயர்ந்தது. 2011 கணக்கெடுப்பின்படி பழைய எல்லைக்குள் 4,44,352 பேர் வசித்தார்கள். நல்லூர், 15 வேலம்பாளையம் ஆகிய நகராட்சிகளும் எட்டு ஊராட்சிகளும் இணைக்கப்பட்ட பின்னர், அதே கணக்கெடுப்பின்படி விரிவாக்கப்பட்ட எல்லையின் மக்கள் தொகை 8,77,778 ஆயிற்று. அதாவது, திருப்பூரின் மக்களுள் ஏறக்குறைய பாதிப்பேர் அதுவரை நகர எல்லைக்கு வெளியே, நல்லூர் போன்ற ஊர்களில் வாழ்ந்து வந்தார்கள். நகரின் மக்கள் தொகையை மட்டும் நோக்குவோருக்கு இவ்வளர்ச்சி புலப்படாது.

மக்கள் வகைப்பாடு

2011 கணக்கெடுப்பின்படி திருப்பூர் மாவட்டத்தில் 24,79,052 மக்கள் வசித்தார்கள். 1000 ஆண்களுக்கு 989 பெண்கள் இருந்தனர். கல்வியறிவு ஏறத்தாழ 79% ஆகும். 2001 க்கும் 2011 க்கும் இடையே தமிழ்நாட்டின் மக்கள் தொகை ஏறத்தாழ 15.6% கூடியபோது, இம்மாவட்டத்தில் அது ஏறத்தாழ 29% கூடியது. பிறப்பு விகிதத்தால் மட்டும் இத்தகைய வேறுபாடு தோன்றுவதில்லை. வேலை தேடி வந்து குடியேறியோரே இதற்கு முதன்மைக் காரணம் ஆவர்.

இடம்பெயர்வு

தொடக்கத்தில் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்தும் மதுரை, தேனி, திண்டுக்கல் முதலிய தென்மாவட்டங்களிலிருந்தும் தொழிலாளர்கள் இப்பகுதிக்கு வந்தார்கள். பின்னர் பீகார், ஒடிசா, சார்க்கண்டு, மேற்கு வங்காளம், அசாம் ஆகிய மாநிலத்தவரும் வந்து சேர்ந்தனர். தமிழுடன் இந்தி, ஒடியா, வங்காளம் முதலிய மொழிகளும் இன்று பனியன் நிறுவனங்களில் பேசப்படுகின்றன.

இந்தியக் கணக்கெடுப்பில் ஒருவர் தாம் வழக்கமாக வசிக்கும் இடத்திலேயே எண்ணப்படுகிறார். சொந்த ஊர் எது என்பது கருதப்படுவதில்லை. ஆனால் தொழிலாளர் பலருடைய வாக்குரிமையும் குடும்ப அட்டையும் சொந்த ஊரிலேயே இருக்கும். எனவே ஓர் ஊரின் வாக்காளர் எண்ணிக்கையைக் கொண்டு அங்கு வாழ்வோரின் தொகையைக் கணிப்பது இங்குப் பொருந்தாது. குடிநீர், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றின் தேவையை அறிய, வாழ்வோரின் தொகையே அடிப்படை ஆகும்.

அடுத்த கணக்கெடுப்பு

2021 இல் நடைபெறவேண்டிய கணக்கெடுப்பு கொரோனா பெருந்தொற்றினால் தள்ளிவைக்கப்பட்டது. 2027 மார்ச் 1 ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு அது நடைபெறும் என்று இந்திய அரசு 2025 சூனில் அறிவித்தது. நல்லூர் இனித் தனி நகரமாக அன்றி, மாநகராட்சி வட்டங்களின் தொகுப்பாகவே அதில் இடம்பெறும். இதனால் 2011 கணக்கெடுப்பே இவ்வூரைத் தனி நகராட்சியாகக் காட்டும் இறுதிக் கணக்கெடுப்பாக அமைகின்றது.