பறங்கித் தெருவும் லாச்சப்பலும்

பாரிசில் வாழும் எமது பழைய மாணவிகள் அவ்வப்போது படங்கள் அனுப்புவார்கள். கல் பதித்த ஒடுங்கிய தெருக்கள், வாசலோரத்தில் மேசை போட்ட கோப்பிக் கடைகள், ஓவியர்கள் குடியிருந்த மொன்மார்த் குன்று. பார்க்கப் பார்க்க ஆசை வரும். ஆனால் யாழ்ப்பாணத்திலும் ஒரு பழைய ஐரோப்பிய நகரம் இருக்கிறது. எம்மிற் பலர் பாடசாலைக்கும் ரியூஷனுக்கும் அதனூடாகத்தான் சைக்கிளில் போய் வந்தோம். கோட்டைக்குக் கிழக்கே பிரதான வீதி, பாங்ஷால் வீதி, சப்பல் வீதி, குறுக்குத் தெருக்கள் என விரியும் அந்தப் பகுதியை முதியவர்கள் பறங்கித் தெரு என்பார்கள்.

1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமானது. 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றி, பின்னர் அதை ஐங்கோண வடிவில் திருத்திக் கட்டினர். கோட்டைக்கு வெளியே நேரான தெருக்களும் அவற்றை வெட்டும் குறுக்குத் தெருக்களுமாக ஒரு குடியிருப்பு வளர்ந்தது. 1795இல் ஆங்கிலேயர் வந்த பின்னரும் போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கியர் அங்கே வாழ்ந்தனர்.

அந்த வீடுகள் எமது ஊர் வீடுகளுக்கு நேர்மாறானவை. எமது நாற்சார் வீடு வேலிக்கும் படலைக்கும் பின்னால் ஒதுங்கி, நடுமுற்றத்தைப் பார்த்தபடி இருக்கும். பறங்கித் தெரு வீட்டுக்கு வேலி இல்லை. தூண்கள் நிறுத்திய விறாந்தை நேரே தெருவைப் பார்க்கும். வளவு வீட்டின் பின்புறத்தில் இருக்கும். விறாந்தையில் இருப்பவரும் தெருவில் போகிறவரும் முகம் பார்த்துப் பேசலாம். விறாந்தை, யன்னல், அலுமாரி, கதிரை ஆகிய சொற்கள் போர்த்துக்கேயத்திலிருந்தும் கந்தோர் என்பது ஒல்லாந்தத்திலிருந்தும் வந்து எமது சொந்தச் சொற்களாயின.

இந்த நகரில் பிரெஞ்சுக்காரரின் பங்கும் உண்டு. அவர்கள் படையுடன் வரவில்லை. மார்சேய் ஆயர் மசனட் நிறுவிய அமலமரித் தியாகிகள் சபையினர் 1847இல் இலங்கைக்கு வந்தனர். பிரான்சில் பிறந்த ஆயர் பொஞ்சீன் காலத்தில், 1876இல், கத்தோலிக்கப் பாதுகாவலன் பத்திரிகை யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. 1862இல் போர்தோ நகரத்துத் திருக்குடும்பச் சபையிலிருந்து கன்னியர்கள் வந்தனர். பிரதான வீதியில் இன்றும் நிற்கும் திருக்குடும்பக் கன்னியர் மடம் அந்த வருகையின் விளைவு. பெண் பிள்ளைகளின் படிப்பு வேலிக்குள் அடங்கியிருந்த காலத்தில், அயல் நாட்டுப் பெண்கள் சிலர் கடல் கடந்து வந்து வகுப்பு நடத்தினார்கள். எந்தப் பாடசாலையில் படித்தவர்களானாலும், வடபகுதிப் பெண்கல்வியின் வரலாற்றில் அமெரிக்க மிசன், ஆங்கிலிக்கன், சைவப் பாடசாலைகளோடு இவர்களையும் நாம் நினைவுகூர வேண்டும்.

இனி, பாரிஸ் பக்கம் வருவோம். மொன்மார்த், லா சப்பல் இரண்டும் ஒருகாலத்தில் நகருக்கு வெளியே இருந்த கிராமங்கள். 1860இல் பாரிசுடன் இணைக்கப்பட்டவை. மொன்மார்த்தில் ஓவியர்கள் கூடியதற்கு முக்கிய காரணம் அங்கே வாடகை மலிவாக இருந்தது. 1904இல் பிக்காசோ குடியேறிய பழைய மரக் கட்டடத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரேயொரு தண்ணீர்க் குழாய்தான். இன்று உல்லாசப் பயணிகள் தேடிப் போகும் அழகு, அன்று கையில் காசில்லாதவர்களின் வாழ்க்கை.

1980களில் போருக்குத் தப்பி வந்த எமது இளைஞர்களுக்கு லா சப்பல் அப்படியோர் இடமாயிற்று. பெயரே லாச்சப்பல் என்று தமிழானது. மரக்கறிக் கடை, புடவைக் கடை, நகைக்கடை, அச்சகம் எல்லாம் வந்தன. 1985இல் மாணிக்க விநாயகர் ஆலயம் அமைந்தது. ஆண்டுதோறும் தேர் பாரிஸ் வீதிகளில் உலா வருகிறது. உணவகத்தில் கோப்பை கழுவியவர்கள் இரவில் எழுதினார்கள். ‘ஓசை’, ‘அம்மா’, ‘எக்ஸில்’ போன்ற சிற்றிதழ்கள் அந்த நகரிலிருந்து வெளிவந்தன. ‘லா சப்பல்’ என்றால் பிரெஞ்சில் சிற்றாலயம். யாழ்ப்பாணத்துச் சப்பல் வீதியின் பெயரும் அதே பொருளுடையது. எம்மவர் தற்செயலாக ஒரு சப்பலிலிருந்து இன்னொரு சப்பலுக்குப் போயிருக்கிறார்கள்.

லாச்சப்பல் நிறைய நிறையப் பறங்கித் தெரு வெறுமையானது. பறங்கியர் கொழும்புக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் முன்னரே போய்விட்டனர். அவர்களின் வீடுகளில் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்தன. 1990இல் கோட்டையைச் சுற்றி நடந்த சண்டையில் அயற்தெருக்கள் இடிந்தன. அதே ஆண்டு ஒக்டோபரில், நகரின் சோனகத் தெருவில் தலைமுறைகளாக வாழ்ந்த முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். 1995 ஒக்டோபரில் நாமெல்லோரும் ஒரே இரவில் வீதிக்கு வந்தோம். இவற்றையும் எழுதாத வரலாறு அரைகுறையானது.

மருத்துவர் நோயாளியிடம் முதலில் கேட்பது முன்கதையைத்தான். அதைச் சொல்ல ஆளில்லாவிட்டால் சிகிச்சை கடினம். பறங்கித் தெருவின் நிலையும் அதுதான். செல்லும் மழையும் கண்ட வீட்டைப் பார்த்து “உடைக்கிறதுதான் நல்லது” என்று எவரும் சொல்லலாம். தூணையும் ஓட்டையும் பணம் செலவழித்துத் திருத்தவும் முடியும். ஆனால் அந்த விறாந்தையில் யார் இருந்தார்கள், என்ன தைத்தார்கள், யாருக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தார்கள் என்பதைக் கொத்தனார் திருப்பித் தர முடியாது.

அந்த முன்கதை உங்களிடம் இருக்கிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் லாச்சப்பலிலும் உங்கள் அல்பங்களில், அம்மாவின் கல்யாணப் படத்துக்குப் பின்னால், அந்த வீடுகளின் தூண்கள் தெரியும். படத்தின் பின்புறத்தில் தெருவின் பெயரையும் ஆண்டையும் நிற்பவர்களின் பெயரையும் எழுதிவிடுங்கள். ஒரு பிரதியைச் சங்கத்துக்கும் அனுப்புங்கள். அடையாளம் சொல்லக்கூடிய அம்மாக்களும் பெரியம்மாக்களும் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.