வில் விளக்கின் நிறமும் மலைநாட்டின் வெளிச்சமும்

தேயிலைத் தொழிற்சாலையிலே நிறம் என்பது அழகுக்குரிய பொருளன்று, பிழைப்புக்குரிய பொருள். பகலிலே கொய்யப்பட்ட கொழுந்து இரவு முழுவதும் மாடித் தட்டுகளிற் பரப்பப்பட்டு வாடுகிறது. பொழுது புலருமுன்னரே உருட்டும் பொறிகள் சுழலத் தொடங்கிவிடுகின்றன. உருட்டிய இலை பச்சை நீங்கிச் செம்பு நிறம் கொள்ளும் தருணத்தைக் கண்ணாலும் மூக்காலும் அறிந்து, காலந் தாழ்த்தாது அதனை உலர்த்தும் பொறிக்கு அனுப்புபவரே தேர்ந்த டீமேக்கர். சிறிது முந்தினாற் பச்சை வாடை நிற்கும்; சிறிது பிந்தினாற் சுவை மழுங்கும். தேயிலையைச் சுவைத்து மதிப்பிடுவோர் தம் மேசையை வடக்கு நோக்கிய சாளரத்தின் அருகே அமைத்துக்கொள்வதும் இக்காரணம் பற்றியே. வெயில் நேரே படாத அவ்வொளியிலேதான் இலையின் மெய்யான நிறம் துலங்கும்.

ஆதலின், நுவரெலியா, அட்டன் ஆகிய மலைப்பகுதிகளில் வாழ்வோருக்கு, ஒரு விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிகிறது என்னும் கேள்வியோடு, அதன் ஒளியிலே பொருள்கள் என்ன நிறமாகத் தோன்றுகின்றன என்னும் கேள்வியும் புதியதன்று. இவ்விரு கேள்விகளும் மின்விளக்கின் வரலாற்றிலே முதன்முதலாக ஒன்றோடொன்று மோதிக்கொண்ட இடம் வில் விளக்காகும். அவ்வரலாறு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்ததாயினும், அதன் இறுதி ஏடுகளிலே இலங்கையின் மலைநீருக்கும் தென்தமிழ்க் கரையின் மணலுக்கும் இடம் உண்டு.

19ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடியும் தறுவாயில், இலண்டன் இராயல் நிறுவனத்தில் ஹம்பிரி டேவி என்னும் விஞ்ஞானி, ஏறக்குறைய 2,000 கலங்களைக் கொண்ட மின்கலவடுக்கின் இரு முனைகளிலும் இரு மரக்கரித் துண்டுகளைப் பொருத்தினார். அவற்றை ஒன்றோடொன்று தொடுவித்துப் பின் மெல்ல விலக்கியபோது, இடைவெளியிலே கண்ணைப் பறிக்கும் ஒரு சுடர்ப்பாலம் எழுந்தது. சூடேறிய காற்று மேலெழும்பியமையால் அச்சுடர் நடுவிலே வளைந்து வில்லைப் போன்று நின்றது. வில் விளக்கு என்னும் பெயர் அவ்வளைவினின்றும் வந்ததே.

அவ்வொளி சுடரினின்றே பிறக்கிறது என்று பார்ப்போர் எண்ணுவது இயல்பு. உண்மை வேறு. நேர்மின்வாயாக அமைந்த காபன் தண்டின் நுனி சிறு கிண்ணம் போலக் குழிந்து, 3,500 பாகை சென்ரிகிரேட்டுக்கும் மேலாகச் சூடேறுகிறது. வெளிச்சத்தின் பெரும்பகுதி அக்குழியினின்றே வருகிறது. இடையில் நிற்கும் சுடரோ சிறிதளவு ஊதா ஒளியையே தருகிறது. சுடர் நீள நீள அவ்வூதா மிகும். முகங்கள் வெளிறித் தோன்றும். வில் விளக்கின் குறை இன்னதென்பது தொடக்கத்திலேயே இவ்வாறு வெளிப்பட்டுவிட்டது.

முதலிற் கவலை தந்தது நிறமன்று, ஆயுளே. மரக்கரி விரைந்து எரிந்து தீர்ந்தது. 1840களிலே பிரெஞ்சு விஞ்ஞானி பூக்கோ, நிலக்கரிவாயு வடிக்கும் கலங்களின் உட்புறத்திற் படியும் கடினமான காபனைப் பயன்படுத்தி அதனை ஓரளவு நீடிக்கச் செய்தார். 1876இல் உருசியரான யப்லொச்கோவ் இரு காபன் தண்டுகளை அருகருகே நிறுத்தி இடையிலே மண்பூச்சிட்டு ஒரு மின்மெழுகுதிரியை ஆக்கினார். 1878இல் பாரிஸ் நகரத்து ஒப்பேரா வீதி அத்திரிகளால் ஒளிபெற்றது. 1879இல் அமெரிக்காவிலே கிளீவ்லாந்து நகரச் சதுக்கத்தைச் சார்ள்ஸ் பிறஷ் என்பவர் 12 வில் விளக்குகளால் ஒளிரச் செய்தார். காபன் தண்டின் மேல் மெல்லிய செப்புப் பூச்சிட்டு, மின்னோட்டம் வழியிலே வீணாகாமற் காத்ததும் அவரது திறமையே.

எனினும் ஓரிரவு எரிந்த தண்டுகளை மறுநாளே மாற்றவேண்டியிருந்தது. வீதிதோறும் ஏணியுடன் சென்று தண்டு மாற்றும் ஆட்களின் கூலி, விளக்குக் குழுமங்களின் கணக்கேட்டிலே பெருந்தொகையாக நின்றது. 1893இல் லூயிஸ் மார்க்ஸ் என்பவர் வில்லைக் கண்ணாடிக் கூட்டினுள் அடைத்துக் காற்றைக் குறைத்தார். ஒட்சிசன் குறைந்தமையாற் காபன் மெல்லவே எரிந்தது. ஒரு சோடித் தண்டுகள் 100 மணித்தியாலங்களுக்கும் மேலாக நின்றன. ஆனால் அடைபட்ட வில்லின் சுடர் நீண்டது. ஊதா நிறம் மிகுந்தது. செலவிட்ட மின்வலுவுக்குக் கிடைத்த வெளிச்சமும் குறைந்தது. கூலியை மிச்சப்படுத்திய விளக்கு, ஒளியையும் நிறத்தையும் இழந்தது. அப்படியிருந்தும் குழுமங்கள் அதனையே விரும்பி ஏற்றன. ஒன்றைச் சிக்கனம் என்று சொல்லும்போது, அது எவருடைய கணக்கேட்டில் மிச்சமாகிறது என்பதையும் பார்க்கவேண்டும் என்பதற்கு இஃதொரு நல்ல சான்று.

வில்லின் உட்போக்கைப் பொறுமையோடு ஆராய்ந்தவர் ஒரு பெண்மணி. ஹேர்த்தா அயர்டன் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் கணவரும் ஒரு மின்னியற் பேராசிரியரே. வில்லைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையின் கையெழுத்துப் படி, தவறுதலாக அடுப்பு மூட்டப் பயன்பட்டு எரிந்துபோயிற்று. அதன்பின் அவ்வாராய்ச்சியை மனைவியார் தாமே மேற்கொண்டார். வில் விளக்குகள் சில வேளைகளிற் சீறி, ஒளி குன்றி நடுங்குவதன் காரணம் அதுவரை தெரியாதிருந்தது. காபன் குழியினுள் காற்றிலுள்ள ஒட்சிசன் புகுந்து நேரே தாக்குவதே காரணம் என்று அவர் நிறுவினார். 1899இல் இலண்டன் மின்பொறியியலாளர் சங்கத்திலே அக்கட்டுரையைத் தாமே படித்தார். அச்சங்கத்தின் முதற் பெண் உறுப்பினராகவும் ஆனார். 1902இல் அவரது பெருநூல் வெளிவந்தது. அதே ஆண்டில், மணமான பெண் என்னும் காரணத்தால் இராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்க மறுத்தது; 1906இல் அச்சங்கமே அவருக்குப் பதக்கம் வழங்கியது.

நிறத்தின் சிக்கலை அவிழ்க்கும் வழி இந்நூற்றாண்டுகளின் சந்தியிலே பிறந்தது. செருமனியைச் சேர்ந்த ஹூகோ பிரேமர், காபனோடு கல்சியம் புளோரைட்டு முதலிய உப்புகளைக் கலந்தார். வெப்பத்தில் அவ்வுப்புகள் ஆவியாகிச் சுடரினுள் ஏறவே, அதுவரை வீணே ஊதாவாக நின்ற சுடர் தானே ஒளிரத் தொடங்கிற்று. கல்சியம் பொன்மஞ்சளைத் தந்தது. ஸ்துரொந்தியம் செம்மையைத் தந்தது. அதே மின்வலுவுக்கு முன்னையிலும் பன்மடங்கு வெளிச்சம் கிடைத்தது. 1900இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தோர் இப்புதிய விளக்கைக் கண்டு வியந்தனர்.

குறைகள் இல்லாமலில்லை. சுடர்வில் புகை கக்கிற்று. கண்ணாடியிலே சாம்பல் படிந்தது. தண்டுகள் மீண்டும் நாள்தோறும் மாற்றவேண்டியவையாயின. வீதிக்கும் கடைவாயிலுக்கும் அப்பொன்மஞ்சள் பொருந்தியது. துணியின் சாயத்தையோ இலையின் பக்குவத்தையோ நிறம் பார்த்துத் தெளிவோருக்கு அது பொருந்தவில்லை. அமெரிக்காவிலே ஸ்ரைன்மெற்ஸ் என்னும் பொறியியல் அறிஞர் காபனையே நீக்கிவிட்டு, காந்த இரும்புத் தாதுவோடு தைத்தேனியம் ஒட்சைட்டைக் கலந்து எதிர்மின்வாய் அமைத்தார். அதன் ஒளி வெண்மையாயிருந்தது. மின்வாயும் பல இரவுகள் நின்றது. எனினும், ஞாயிற்றொளியை ஒத்த வெண்மையை மிகுந்த செறிவோடு தந்தது வேறொரு பொருள். அதுவே சீரியம்.

இவ்விடத்தில் வரலாறு கீழைக் கடற்கரைகளை நோக்கித் திரும்புகிறது. வில் விளக்கின் பெரும் போட்டியாளர் வாயு விளக்கு. வெல்ஸ்பாக் என்னும் ஒஸ்திரிய வேதியியலறிஞர் கண்ட வலைத்திரியை அதன்மேல் மாட்டியதும் அது புத்துயிர் பெற்றது. அவ்வலைத்திரிக்கு வேண்டியது தோரியம். அதனோடு நூற்றில் ஒரு பங்களவே சீரியம். தோரியத்தைத் தேடி உலகெங்கும் ஆள்கள் புறப்பட்டனர். இலங்கைக் கனிப்பொருளாய்வின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி, மலைநாட்டின் தெற்கே அமைந்த சப்பிரகமுவா மாகாணத்து ஆற்றுப் பருக்கைகளிலே கனமான கரிய பளிங்குகளைக் கண்டெடுத்தார். அவை தோரியம் செறிந்த புதுக்கனி என்று 1904இல் தெளியப்பட்டது. தோரியனைற்று என்று பெயரிடப்பட்டது. பிற்காலத்திற் கலை வரலாற்றறிஞராக உலகப் புகழ் பெற்ற அவர், முதலிலே கண்டுபிடித்தது விளக்குக்கு உதவும் ஒரு கல்லையே.

1909இல் திருவிதாங்கூர்க் கரையினின்று ஏற்றுமதியான கயிற்றிலே ஒட்டியிருந்த மணலைச் செருமானியரான சொம்பேர்க் ஆராய்ந்தார். அதிலே மொனசைட்டு இருந்தது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் அடங்கும் மணவாளக்குறிச்சிக் கடற்கரை அதன் பின்னர் உலகறிந்த இடமாயிற்று. இலங்கையிலும் பேருவளைக் கரைமணலில் இக்கனி உண்டு. மொனசைட்டிலே தோரியம் சிறுபங்கே. சீரியமும் அதன் இனத்தனவும் பெரும்பங்கு. தோரியத்தைப் பிரித்தெடுத்தபின் இவை ஆலைகளிலே கழிவாகக் குவிந்தன. முதலாம் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளிலே ஹைன்றிச் பெக் என்னும் செருமானியப் பொறியியலாளர், சீரியம் புளோரைட்டை நேர்மின்வாயின் நடுத்துளையில் அடைத்து, பெரும் மின்னோட்டத்தைச் செலுத்தினார். அணுக்கமாக அமைந்த எண்ணற்ற நிறக்கோடுகளைச் சீரியம் ஒருங்கே வீசுவதால், கண்ணுக்கு அவ்வொளி வெண்மையாகவே தோன்றியது. வாயு விளக்கு வேண்டாமென்று ஒதுக்கிய கழிவே அதன் பகைவனான வில் விளக்கை முழுமையாக்கிற்று.

வில்லுக்கு வேண்டிய மற்றொன்று மின்வலு. நீரின் வீழ்ச்சியால் மின்னெடுத்து வீட்டிலே விளக்கேற்றும் முயற்சிக்கும் வில் விளக்கே முன்னோடி. 1878இல் இங்கிலாந்திலே ஆம்ஸ்ரோங் பிரபு தமது கிராக்சைட் மாளிகையின் ஓவியக்கூடத்தில், அருகிலிருந்த ஏரிநீரைக்கொண்டு ஒரு வில் விளக்கை எரித்தார். இவ்வழி விரைவிலேயே தேயிலை மலைகளுக்கும் எட்டியது. 1897இல் டார்ஜிலிங் நகரம் சித்ராபோங் நீர்மின் நிலையத்தால் ஒளிபெற்றது. 1912இல் நுவரெலியா நகருக்குப் பிளக்பூல் நீர்மின் நிலையம் வெளிச்சம் தந்தது. ஆயின் அப்பொழுது தங்குதன் இழை மின்குமிழ் முன்னேறிக்கொண்டிருந்தது. தண்டு மாற்றத் தேவையின்றி, புகையின்றி எரியும் அக்குமிழ் உலகத்து வீதிகளினின்று வில் விளக்கை வெளியேற்றியது.

வெளியேறிய வில் படமாளிகையிலே புகலிடம் பெற்றது. சிறு புள்ளியினின்று பேரொளி வேண்டிய இடம் அது. ஒளி பாய்ச்சும் அறையிலே இயக்குநர் கருங்கண்ணாடியூடே காபன் நுனிகளை நோக்கி, அவை தேயத் தேய நெருக்கிக்கொண்டேயிருப்பார். ஒரு கணம் தவறினாலும் திரை மங்கும். வண்ணப்படங்கள் வந்தபோது வெண்மையான ஒளியின் அருமை விளங்கியது. 1956இல் வெளிவந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். மஞ்சள் ஒளியிலே காட்டினால் அதன் நீலம் கருகிவிடும். ஊதா ஒளியிலே காட்டினால் முகங்கள் வெளிறிவிடும். சீரியம் பொதிந்த தண்டே வண்ணத்தை வண்ணமாகக் காட்டிற்று. மலைநாட்டுத் தொழிலாளர் சம்பள நாளையடுத்து நகருக்கு நடந்துசென்று தமிழ்ப் படங்களைப் பார்த்துத் திரும்பிய அக்காலத்தில், அவர்களுள் மிகப் பலர் கண்ட மிகச் சிறந்த மின்னொளி அத்திரையில் விழுந்த ஒளியாகவே இருந்திருக்கும். 1950களிலே செனன் விளக்கு செருமனியில் தோன்றி, பின்வந்த பத்தாண்டுகளிலே காபன் வில்லின் இடத்தைக் கைப்பற்றிக்கொண்டது.

படம் முடிந்து அவர்கள் திரும்பிய லயன் காம்பிராக்களிலே எரிந்தது மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு. அதன் சுவாலை சிவந்தது, புகை நிறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் நடந்த வழியோரத்து ஆறுகளே தீவின் மின்வலுவுக்கு ஊற்று. 1918இல் பொறியியலாளர் விமலசுரேந்திரா, மஸ்கெலி ஓயா, கெகல்கமு ஓயா ஆகியவற்றின் நீரால் நாட்டுக்கு மின்வலு பெறலாமென்று இலங்கைப் பொறியியற் சங்கத்திலே எடுத்துரைத்தார். 1920களிலே தொடங்கிய வேலை இடையில் நின்றுபோய், 1950இல் லக்சபானா நிலையம் 25 மெகாவாற்று வலுவோடு இயங்கத் தொடங்கியது. 1953இல் மறைந்த அவர் அதனைக் கண்டே மறைந்தார். 1965இல் அவர் பெயர் தாங்கிய நிலையம் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் துணையோடு எழுந்தது. 1969இல் மௌசாக்கலை நீர்த்தேக்கம் நிறைந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருள் மறைந்தது.

மின்கம்பிகள் தேயிலைச் சரிவுகளின் மேலாகக் கொழும்பை நோக்கிச் சென்றன. தொழிற்சாலைகளுக்கும் துரைமார் பங்களாக்களுக்கும் விளக்கு வந்தது. அவற்றின் கீழே நீண்டு கிடந்த லயன்களுள் மிகப் பலவற்றுக்கு அவ்வெளிச்சம் வந்து சேரப் பல பத்தாண்டுகள் சென்றன. ஆற்றைத் தந்தவர்கள், ஊரைத் தந்தவர்கள், இருளிலே காத்திருந்தார்கள். பிள்ளைகள் குப்பி விளக்கின் புகையிலே கண் கசக்கிப் பாடம் படித்தார்கள்.

அடைபட்ட வில்லைக் குழுமங்கள் விரும்பியபோது, கூலி மிச்சமாயிற்று. வீதியில் நடப்போர் மங்கலான ஒளியைப் பெற்றனர். மலைநாட்டிலும் கணக்கு அவ்வாறே எழுதப்பட்டது. டேவியின் காலந்தொட்டு விளக்கை மேம்படுத்த முயன்றோர், எவ்வளவு வெளிச்சம் என்றும் எந்த நிறம் என்றும் இரண்டையே கேட்டார்கள். இரண்டுக்கும் விடை கண்டார்கள். இன்று கடையில் வாங்கும் மின்குமிழ்ப் பெட்டியின் மேல் அவ்விரு விடைகளும் எண்களாக அச்சிடப்பட்டிருக்கின்றன. அவ்வெளிச்சம் எவர் வீட்டிலே எரியும் என்பது மூன்றாவது கேள்வி. அதனைப் பெட்டியின் மேல் எவரும் அச்சிடுவதில்லை. மலைநாட்டு மக்கள் அதனைத் தாமே கேட்டு, நெடுங்காலம் காத்திருந்து விடை பெறவேண்டியதாயிற்று.